குழு வண்டியின் கூரை ஓரத்தை மழைக்கு முன்னால் அடைப்போம்



இந்த மாதப் பாடம் வரவு செலவுப் பாடமும் இல்லை, சட்டப் பாடமும் இல்லை. கூரை ஒழுகுகிற பாடம். சிரிக்காதீங்க. எங்கள் குழுவில் இந்த ஒழுகலால் ஒரு சகோதரி மூன்று மாதம் கூட்டத்துக்கே வராமல் இருந்தாங்க. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தோம்.

நாங்கள் பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்துக் குழு. எங்களில் ஐந்து பேர் சேர்ந்து வங்கிக் கடனில் ஒரு பழைய குட்டியானை வாங்கினோம். முன்னாடி யாரோ சாப்பாட்டு வண்டியாகக் கட்டி ஓட்டினது. இரும்புக் குழாயில் சட்டம், உள்ளே பிளைவுட், மேலே அலுமினியத் தகடு, பக்கத்தில் தூக்கி நிறுத்துகிற கதவு. விடியற்காலை இட்லி, பொங்கல், சாம்பார் எல்லாம் ஏற்றி, தச்சூர் கூட்டு ரோட்டில் மேலே ஏறி, கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போவோம். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்தினால் ஒன்றரை மணி நேரத்தில் பாத்திரம் காலி. ஒடிசா, பீகார் பையன்களுக்காகச் சப்பாத்தியும் போடுகிறோம். மாதாமாதம் தவணை தவறாமல் கட்டினோம்.

ஐப்பசி பிறந்தது. முதல் பெரிய மழைக்கு மறுநாள் காலையில் வண்டியைத் திறந்தால் நடுவில் வைத்திருந்த அரிசி மூட்டை ஊறிப்போய்க் கிடக்கிறது. பக்கத்தில் மைதா, சர்க்கரை எல்லாம் கட்டி. முந்தின நாள் வண்டியைச் சாத்திவிட்டு வந்தது ஒரு சகோதரி. "பக்கக் கதவைச் சரியாச் சாத்தலை" என்று எல்லோரும் சொன்னோம். "நான் கொக்கி போட்டுட்டுத்தான் வந்தேன் யக்கா" என்று அவங்க எவ்வளவோ சொன்னாங்க. நாங்கள் காதில் வாங்கவில்லை. கூட்டத்தில் ஐந்நூறு ரூபாய் அபராதம் போட்டோம். அவங்க அபராதத்தைக் கட்டிவிட்டு எழுந்து போனவங்கதான்.

அடுத்த மழையில் மறுபடியும் அதே இடத்தில் சொட்டியது. அன்றைக்கு வண்டியைச் சாத்தினது வேறு ஆள்.

அதற்கப்புறம்தான் கூரையைப் பார்க்க ஆரம்பித்தோம். ஒரு பட்டறையில் காட்டினோம். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே சிலிகான் பசையை அள்ளிப் பூசி, காசு வாங்கிக்கொண்டார்கள். பத்து நாள் தாங்கியது. திரும்பப் போனோம், அதன் மேலேயே இன்னொரு பூச்சு. அதுவும் நிற்கவில்லை. கடைசியில் எங்கள் உறுப்பினர் ஒருவரின் சித்தப்பா, பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவர், வந்து பார்த்தார். வண்டிக்குள் ஐந்து நிமிஷம் நின்றார். "தண்ணி சொட்டுற இடத்தை விடுங்கம்மா. அது நுழையுற இடத்தைத் தேடுங்க" என்றார். அவர் காட்டிக் கொடுத்ததையும், நாங்கள் எங்கள் கையாலேயே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும்தான் கீழே எழுதுகிறோம்.

தண்ணீர் எங்கே நுழைகிறது?

துணி காயப் போடுகிற கொடியில் மழைத்துளி எப்படிப் போகிறது என்று பார்த்திருப்பீர்கள். கம்பி தாழ்ந்த இடம் வரைக்கும் ஓடிப்போய் அங்கேதான் விழும். வண்டிக் கூரையிலும் அதே கதைதான். மேல் தகட்டுக்கும் உள் பிளைவுட்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. ஓரத்தில் நுழைந்த தண்ணீர் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே ஓடி, விளக்குக்குப் போட்ட ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே சொட்டும். எங்கள் வண்டியில் நுழைந்த இடம் முன்பக்க மூலை. சொட்டின இடம் நாலடி தள்ளி நடுவில். பட்டறைக்காரர் நடுவில் பூசிக்கொண்டே இருந்தார்.

தகடு நடுவில் அவ்வளவு சீக்கிரம் ஓட்டையாகாது. கெடுவது ஓரம்தான். மேல் தகடும் பக்கத் தகடும் சேருகிற இடத்தில் ஒரு அலுமினிய ஆங்கிள் பட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்கியிருப்பார்கள். அந்தப் பட்டைக்கு அடியில் பசையோ ரப்பரோ இருக்கும். அது காய்ந்து, வெடித்து, இறுகிப் போனால் வழி திறந்துவிட்டது என்று அர்த்தம்.

அது ஏன் காய்கிறது, ஏன் வெடிக்கிறது? வெயிலில் தகடு நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. எட்டடி அலுமினியத் தகடு, நாற்பது டிகிரி சூடு ஏறினால் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே நீளும். அதே நீளத்தில் இரும்புச் சட்டம் 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்தான் நீளும். இரண்டும் ஒன்றோடொன்று ஸ்க்ரூ போட்டுப் பிணைத்திருக்கிறது. ஒன்று அதிகமாக இழுக்கிறது, இன்னொன்று விடமாட்டேன் என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட பசை தினமும் ஒரு தடவை இழுபடுகிறது. (மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டின பிள்ளை மாதிரி என்றார் சித்தப்பா. நாங்கள் சிரிக்கவில்லை.) இதோடு ரோட்டுக் குலுக்கலும் சேர்கிறது.

நம்ம பக்கத்துக்கு இன்னொரு தொல்லை உப்புக்காற்று. பழவேற்காடு, காட்டுப்பள்ளி, எண்ணூர்ப் பக்கம் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அலுமினியத்தில் சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டால், உப்பு ஈரம் பட்டதும் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை நடக்கிறது. அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகிறது, ஸ்க்ரூ துரு பிடிக்கிறது, ஓட்டை பெரிதாகிறது. எங்கள் வண்டியில் முன்பக்கத்து ஸ்க்ரூ நான்கு விரலால் இழுத்தாலே கையோடு வந்தது.

மழை பலமாக இல்லை, தூறல்தானே என்று நினைக்கக் கூடாது. எட்டடிக்கு ஐந்தடி கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் மொத்தம் சுமார் 370 லிட்டர் தண்ணீர் விழுகிறது. பதினைந்து லிட்டர் குடத்தில் இருபத்தைந்து குடம். அதில் அரைக் குடம் உள்ளே வந்தால் போதும், ஒரு வாரச் சரக்கு வீண். அதோடு, வண்டி ஓடும்போது வருகிற எதிர்க்காற்றையும் யோசியுங்க. காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே வானிலைத் துறை அதைப் புயல் என்கிறது. நாம் மழையில் வண்டியை ஐம்பது, அறுபதில் ஓட்டினால், கூரையின் முன் ஓரத்துக்கு அது தினமும் புயல்தான். அதனால்தான் பெரும்பாலும் முன் ஓரமே முதலில் கெடுகிறது.

இன்னொன்று. மெல்லிய சந்தில் தண்ணீர் கீழே மட்டும் போகாது, மேலேயும் ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. ஆகவே "அந்த இடம் மேடாத்தானே இருக்கு" என்று விட்டுவிடாதீங்க.

தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது

இதற்கு இரண்டு பேர் போதும். ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே டார்ச் லைட்டோடு. முதலில் சிலிண்டரை இறக்கி வையுங்கள், பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஹோஸ் குழாயில் சன்னமாகத் தண்ணீர் விடுங்கள். வாட்டர் சர்வீஸில் அடிக்கிற மாதிரி வேகமாக அடித்தால் நல்ல இடத்திலும் உள்ளே போகும், ஒன்றும் புரியாது.

கீழிருந்து மேலாகப் போக வேண்டும். இதுதான் முக்கியம். முதலில் பக்கத் தகடும் கதவு ஓரமும், பத்து நிமிஷம். உள்ளே இருப்பவர் "இல்லை" என்றால் அடுத்து மேல் ஓரம், ஒரு பக்கம் முடித்து மறு பக்கம். எடுத்த எடுப்பில் கூரை மேலே ஊற்றினால் தண்ணீர் எல்லாப் பக்கமும் வழிந்து, எது ஒழுகுகிறது என்று தெரியாமல் போகும். நாங்கள் பக்கக் கதவில் பதினைந்து நிமிஷம் தண்ணீர் விட்டோம். சொட்டுகூட உள்ளே வரவில்லை. முன் மூலைக்குப் போன மூன்றாவது நிமிஷம், உள்ளே இருந்தவங்க கத்தினாங்க.

அந்தக் கதவுக்காகத்தான் அபராதம் போட்டோம். அதை அப்புறம் சொல்கிறோம்.

எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது

ஹார்டுவேர் கடையில் போய் "ஒழுகுதுண்ணா, ஏதாவது குடுங்க" என்று கேட்டால் கையில் கிடைப்பதைக் கொடுத்துவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பட்டைக்கு அடியில் வைக்க பியூட்டைல் டேப் வேண்டும். டயர் டியூப் செய்கிற ரப்பர் வகையில் வருவது. சப்பாத்தி மாவு மாதிரி பிசுபிசு என்று இருக்கும், ரோலாக வரும், பல வருஷம் ஆனாலும் கல்லாக இறுகாது. தகடு நீண்டால் கூடவே நீளும், சுருங்கினால் சுருங்கும். மேலே வெள்ளித்தாள் ஒட்டி வருகிற டேப்பும் இப்போது எங்கும் கிடைக்கிறது. அது அவசரத்துக்கு மேலே ஒட்ட. அடியில் வைக்க வெள்ளித்தாள் இல்லாததைக் கேளுங்க.

மேலே பூச, துப்பாக்கியில் போட்டு அழுத்துகிற சீலன்ட் குழாய். இதில் இரண்டு வகை உங்களுக்குத் தெரிந்தால் போதும். பி.யூ. சீலன்ட் என்பது கார் முன்கண்ணாடி ஒட்டுகிறவர்கள் பயன்படுத்துவது. நல்ல பிடிமானம், மேலே பெயிண்ட் அடிக்கலாம். பெயிண்ட் அடிக்காமல் வெயிலில் விட்டால் நாளாக ஆக மேலே வெளுத்து வெடிக்கும். சிலிகான் வெயிலைத் தாங்கும். ஆனால் அதன் மேல் பெயிண்ட் நிற்காது. வேறு பசையும் ஒட்டாது, புது சிலிகான்கூடப் பழைய சிலிகான் மேல் சரியாக ஒட்டாது. எங்கள் வண்டியில் இரண்டாவது பூச்சு ஏன் பிய்ந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. சிலிகான் வாங்கினால் உறையில் "நியூட்ரல்" என்று போட்டிருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். திறந்தவுடன் ஊறுகாய்க் காடி மாதிரி புளிப்பு வாசனை வருகிற வகை தகட்டை அரிக்கும். அது கண்ணாடிக்கும் பாத்ரூம் டைல்ஸுக்கும்தான்.

எம்சீல் தண்ணீர்க் குழாய்க்கு நல்லது, இங்கே வேண்டாம். இறுகிக் கல்லாகிவிடும், தகடு அசைந்ததும் வெடிக்கும். டிங்கரிங் பட்டியும் அப்படித்தான். தார் ஊற்றுகிறவர்களும் உண்டு. சித்திரை வெயிலில் அது இளகி வழிந்து இட்லித் தட்டில் விழுந்தால் யார் சாப்பிடுவார்கள்?

அளவு: எங்கள் கூரையைச் சுற்றி 26 அடி. 300 மில்லி குழாய் ஒன்றில் சுண்டு விரலில் பாதி அகலத்துக்குக் கோடு இழுத்தால் கிட்டத்தட்ட 27 அடி வரும். கணக்குக்கு ஒன்று போதும். கை பழகாத நமக்கு இரண்டு வாங்குவது நல்லது. ஸ்க்ரூவை எஸ்.எஸ். ஸ்க்ரூவாகவே வாங்குங்கள். சாதா ஸ்க்ரூவைவிட விலை கூடத்தான், ஆனால் அடுத்த வருஷம் மறுபடி கழற்ற வேண்டியிருக்காது. இவற்றோடு பட்டி பிளேடு, உப்புத்தாள், தின்னர், மாஸ்கிங் டேப், பழைய வேட்டித் துணி.

வேலை செய்யும் விதம்

மேலே ஏறி நிற்காதீங்க. தகடு குழிந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். ஏணி போட்டு, ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஓரத்திலிருந்தே வேலை செய்யலாம். தின்னர் சட்டென்று பற்றிக்கொள்ளும், பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் கூடாது. அவசரமாகச் சொல்லவில்லை, ஆனால் இதைக் கடைசியில் எழுதினால் படிக்காமல் விட்டுவிடுவீர்கள் என்று இங்கேயே எழுதுகிறோம்.

பட்டையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். எல்லோரும் தப்பு செய்கிற இடம் இது. பட்டை மேலேயே பூசினால் வேலை சீக்கிரம் முடியும், காசும் குறைவு. ஆனால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்று பிளைவுட்டை அழுக வைக்கும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே மரம் மண்ணாகும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. கழற்றின பிறகு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தோம், முன் மூலையில் ஒரு அடி நீளத்துக்கு பிளைவுட் ஊறின பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. அந்தத் துண்டை அறுத்து எடுத்துப் புதுசு வைத்தோம். மர வேலைக்கு மட்டும் ஆசாரியைக் கூப்பிட்டோம்.

பழைய பசையைச் சுரண்டுவதுதான் பாதி வேலை. நாங்கள் மூன்று பேர் ஒரு முழு நாள் சுரண்டினோம். அலுமினியத்தில் ஆழமாகக் கீறல் விழாமல் பிளேடைப் படுக்கை வாக்கில் பிடிக்க வேண்டும். பிறகு தின்னரில் துடைத்து, சின்னத் துண்டு டேப்பை ஒட்டிப் பாருங்க. ஒட்டாமல் வழுக்கினால் பழைய சிலிகான் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி சுரண்ட வேண்டியதுதான். இரும்புச் சட்டத்தில் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடியுங்கள்.

அதன் பிறகு இரண்டு நாள் வெயிலில் திறந்தபடியே காய விடுங்கள். இதில் பொறுமை வேண்டும். நமக்கு வண்டி ஓடாத நாள் என்றால் வருமானம் இல்லாத நாள், மனசு அடித்துக்கொள்ளும். ஆனாலும் ஈரத்தின் மேல் ஒட்டினால் செய்த வேலை எல்லாம் வீண். ஆவணியில் சாயங்காலம் திடீரென்று இடி மழை வரும், தார்ப்பாய் கைவசம் இருக்கட்டும்.

காலைப் பனி ஈரம் காய்ந்த பிறகு, தகடு கொதிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒட்டுங்கள். எங்களுக்கு ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் சரியாக இருந்தது. தகட்டு ஓரத்தில் பியூட்டைல் டேப்பை இழுக்காமல் வைத்துக்கொண்டே போக வேண்டும். இழுத்து ஒட்டினால் பின்னாடி சுருங்கிக்கொள்ளும். மூலையில் துண்டு போட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஒரு அங்குலம் ஏறி இருக்கட்டும். அதன் மேல் ஆங்கிள் பட்டை. ஸ்க்ரூவை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் முடுக்கிக்கொண்டு போங்கள், ஒரேயடியாக இறுக்காமல் இரண்டு மூன்று சுற்றில். ஒவ்வொரு ஸ்க்ரூ கழுத்திலும் ஒரு சின்ன உருண்டை டேப். பட்டைக்கு வெளியே டேப் பிதுங்கி வந்தால்தான் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் வெயில் பட்ட பிறகு இன்னொரு தடவை லேசாக முடுக்கிவிட்டு, பிதுங்கினதை வெட்டி எடுங்கள்.

கடைசியில் சீலன்ட். பட்டையின் மேல் ஓரத்திலும், ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் மட்டும். இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் கோடு நேராக வரும். இழுத்த உடனே சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரு தடவை வழித்துவிட்டு, தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். பட்டையின் கீழ் ஓரத்தை முழுசாக அடைக்க வேண்டாம். இது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. "எல்லாத்தையும் அடைச்சாதானே நல்லது?" என்று கேட்டோம். "தப்பித் தவறி ஒரு சொட்டு உள்ளே போனா அது வெளியே வர வழி வேணாமா? மேலே மூடு, கீழே விடு" என்றார் சித்தப்பா.

இந்த சீலன்ட் காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. மேலே ஒரு மணி நேரத்தில் தோல் கட்டும், உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறுகும். இரண்டு நாள் வண்டியை எடுக்காதீங்க. மூன்றாம் நாள் மறுபடி கீழிருந்து மேலாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்க.

எப்போது பார்க்க வேண்டும்

நம்ம பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம் பழம் வைக்கிறோம். அதற்கு ஒரு மாதம் முன்னாடியே ஏணி போட்டுக் கூரை ஓரத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டால் வேலை செய்ய நாள் கிடைக்கும். இரண்டாவது தடவை பொங்கல் முடிந்த பிறகு, மழையில் என்ன கெட்டது என்று பார்க்க. வெளிநாடுகளில் வண்டியையே வீடாகக் கட்டி, அதிலேயே சமைத்துத் தூங்கி ஊர் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் ஹோம் என்று சொல்வார்கள். லட்சக்கணக்கில் விலை போகிற அந்த வண்டிகளுக்கும் இதே ஓரத் தொல்லைதான், அவர்களும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்கிறார்கள். பழைய வண்டிக்கு எஃப்.சி. எடுக்கிற சமயத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். எஃப்.சி. தேதி தை மாதத்தில் வந்தால் மழை முடிந்துபோயிருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பழுது பார்க்கும்போது பெட்டியின் உயரத்தையோ நீளத்தையோ மாற்றாதீங்க. அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.

2015 டிசம்பர் மழை, 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா, 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் எல்லாம் நாம் பார்த்தவைதான். அந்த மாதிரி மழைக்கு எந்தப் பசையும் நூறு சதம் தாங்கும் என்று சொல்ல முடியாது. புயல் எச்சரிக்கை வந்தால் சரக்கை இறக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டு, வண்டி மேல் தார்ப்பாய் கட்டிவிடுங்கள்.

வண்டி இல்லாத சகோதரிகள், இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். ஷீட்டு போட்ட வீட்டிலும், ஆட்டுக் கொட்டகையிலும் ஷீட்டு சுவரில் சேருகிற ஓரமும் ஆணி ஓட்டையும்தான் ஒழுகும். போல்ட்டை ஷீட்டின் மேட்டு வரியில்தான் போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடுகிற வழியிலேயே ஓட்டை போட்ட மாதிரி. சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் உலர்ந்தபடி சுரண்டவோ ஓட்டை போடவோ கூடாது. அதிலிருந்து வருகிற கல்நார்த் தூசி நுரையீரலில் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து, மூக்கு வாய் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் தூர அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். உடைந்து நைந்த ஷீட்டு என்றால் கை வைக்காமல் மாற்றுவதே மேல்.

இப்போது அந்த அபராதம். தண்ணீர் ஊற்றிப் பார்த்த அன்று சாயங்காலமே நாங்கள் நாலு பேரும் அந்தச் சகோதரி வீட்டுக்குப் போனோம். வாசலில் நெல் காயப் போட்டிருந்தாங்க. "உள்ள வாங்க" என்று சொல்லவில்லை, நாங்களே திண்ணையில் உட்கார்ந்தோம். எங்கள் தலைவிதான் பேசினாங்க: "கதவுல ஒழுகலைம்மா. கூரை ஓரத்துல ஒழுகுது. நாங்க விசாரிக்காமப் போட்டுட்டோம்." ரொம்ப நேரம் அவங்க ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஐந்நூறு ரூபாய் பெருசில்லை யக்கா. ஊரே என்னைப் பொறுப்பில்லாதவள்னு பேசிச்சு" என்றாங்க. எங்களிடம் அதற்குப் பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அபராதம் தவறாகப் போடப்பட்டது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அவங்க அந்தக் கூட்டத்துக்கு வந்தாங்க, கடைசி வரிசையில் உட்கார்ந்தாங்க. இப்போது வண்டிக் கூரையைப் பார்க்கிற பொறுப்பை அவங்கதான் கேட்டு வாங்கிக்கொண்டாங்க. சீலன்ட் துப்பாக்கியை வேறு யாரையும் தொட விடுவதில்லை.

குழுக்கூட்டத்தில் பேசிப் பார்க்க: உங்கள் குழுவுக்குச் சொந்தமான வண்டி, கொட்டகை, மாவு மெஷின் ரூம் இவற்றின் கூரையைக் கடைசியாக யார், எந்த மாதம் பார்த்தார்கள்? அது எந்தப் புத்தகத்திலாவது எழுதியிருக்கிறதா? சரக்கு நனைந்தாலோ, பொருள் கெட்டாலோ அபராதம் போடுவதற்கு முன்னால் உங்கள் குழுவில் யார் போய் இடத்தைப் பார்க்கிறார்கள்?